சின்ன இன்ஜினுக்குக் கையிருப்பு குறைவு: டெல்டாவில் முதல் பெட்ரோல் கார் வாங்கியவர்களுக்கு

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு வரும் முதல் கார் பெரும்பாலும் யாரோ ஓட்டிய மாருதி 800 ஆகவோ ஆல்ட்டோவாகவோ இருக்கும். சம்பா அறுத்து, நெல்லைப் போட்டு, பணம் கைக்கு வந்ததும் மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ நாலு வண்டி பார்த்து ஒன்றை ஓட்டி வருகிறோம். முதல் மாதம் தினமும் வெளியே துடைக்கிறோம். பானெட்டைத் திறப்பது மட்டும் வண்டி எங்காவது நின்றுபோன அன்றைக்குத்தான். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இந்த வகை இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் சுமார் மூன்று லிட்டர். ரேடியேட்டரும் இன்ஜினும் சேர்ந்து பிடிக்கும் தண்ணீர் மூன்றிலிருந்து நான்கு லிட்டர். லாரி இன்ஜினில் ஒரு லிட்டர் ஆயில் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. நம் வண்டியில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சிலிண்டரும் மூன்றுதான், அதில் ஒன்று வேலை செய்யாவிட்டால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. சின்ன இன்ஜின் கடினமாக உழைக்கும், பாரம் இழுக்கும், வெயில் தாங்கும். ஆனால் கையிருப்பு குறைவு. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த இன்ஜின்?

ஆர்சி புத்தகத்தில் சிசி, அதாவது இன்ஜினின் கொள்ளளவு, எவ்வளவு என்று பாருங்கள். 796 என்று இருந்தால் எஃப்8 குடும்பம். சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 72 மில்லிமீட்டர், மொத்தம் மூன்று சிலிண்டர். மாருதி 800-இல் வந்தது எஃப்8பி, சிலிண்டருக்கு இரண்டு வால்வு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்து வந்த 800-இன் சக்தி 37 குதிரைத் திறன், இழுவை 59 நியூட்டன் மீட்டர். ஆல்ட்டோவில் வந்த எஃப்8டி அதே அளவுதான், ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வு, 46, 47 குதிரைத் திறன் வரை தரும். ஆர்சியில் 998 என்று இருந்தால் கே10 குடும்பம். 73 மில்லிமீட்டர் விட்டம், 79.5 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம், இதுவும் மூன்று சிலிண்டர். கே10பி என்றால் 67 குதிரைத் திறன், 90 நியூட்டன் மீட்டர்.

மாருதி 800 1983 டிசம்பரில் வந்தது, 2014 தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. முப்பது வருடம் ஓடிய வண்டி என்பதால் உதிரி பாகமும், கை பழகிய மெக்கானிக்கும் டெல்டாவின் எந்த ஊரிலும் இன்றும் கிடைக்கும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு இது பெரிய பலம்.

குதிரைத் திறன் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். நம் ஊர் சமதளம். ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் சரிவைத் தவிர மேடு என்று எதுவும் இல்லை. 800-இன் முழு இழுவையும் இன்ஜின் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுவதால் தஞ்சாவூர் சாலையில் டாப் கியரில் சுகமாகப் போகும். பாலம் ஏறும்போது மட்டும் இன்ஜினைத் திணற விடாமல் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்8 இன்ஜினுக்கும் கே10 இன்ஜினுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. எஃப்8-இல் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். கே10-இல் இரும்புச் செயின். பெல்ட் வண்டி வாங்கியிருந்தால் கடைசியாக எப்போது பெல்ட் மாற்றினார்கள் என்று விற்றவரிடம் கேளுங்கள். பில் காட்டினால் நல்லது. காட்ட முடியாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள். பெல்ட்டுக்கு வயது சுமார் 80,000 முதல் ஒரு லட்சம் கிலோமீட்டர்; வருடங்கள் ஆனாலும் ரப்பரில் வெடிப்பு விழும். அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். மாற்றும்போது முன்பக்க ஆயில் சீலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலிருந்து கசியும் ஆயில் பெல்ட்டில் பட்டால் புதுப் பெல்ட்டும் ரொம்ப நாள் தாங்காது.

ஞாயிறு காலை, பத்து நிமிடம்

வண்டி ராத்திரி முழுக்க நின்று, இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டியது இது. சமமான தரையில் நிறுத்துங்கள். வாசல் சரிவில் நிறுத்திப் பார்த்தால் ஆயில் அளவு தப்பாகக் காட்டும்.

முதலில் தரையைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் சொட்டு இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக வழவழ என்றிருந்தால் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினை ஆற்றும் ரேடியேட்டர் திரவம். பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஏசி போட்டு வந்த வண்டியின் கீழே வெறும் தண்ணீர் சொட்டுவது இயல்பு.

அடுத்தது ஆயில் குச்சி. உருவித் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி உருவுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் மேல் பாதியில் ஆயில் நிற்க வேண்டும். இரண்டு குறிக்கும் இடையே உள்ளது சுமார் ஒரு லிட்டர். கீழ்க்குறியைத் தொட்டுவிட்டால் அன்றே ஊற்றுங்கள். ஆனால் மேல்குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள். குச்சியிலோ ஆயில் மூடியின் உள்பக்கமோ பால் காபி நிறத்தில் குழம்பாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கலாம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பழைய வண்டி வாங்கப் போகும்போதும் ஆயில் மூடியைத் திருகிப் பார்ப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கூலன்ட் டப்பா. வெள்ளை பிளாஸ்டிக்கில் இரண்டு கோடு இருக்கும், நடுவே நின்றால் சரி. டப்பா நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பதுண்டு. அதனால் மாதம் ஒரு முறை, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எத்தனையோ பேருக்கு இப்படி வெந்திருக்கிறது.

நான்காவது பெல்ட். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சுற்றி ஓடும் வெளிப் பெல்ட்டை இரண்டு கப்பிகளுக்கு நடுவில் விரலால் அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்க வேண்டும், தொளதொள என்று ஆடக் கூடாது. உள்பக்கம் வெடிப்பு தெரிந்தால் மாற்ற நேரம் வந்துவிட்டது.

இந்தப் பெல்ட்டைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தை மாத இரவு திருத்துறைப்பூண்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்த சித்தப்பா, “தம்பி, முதல்ல வண்டிய ஓரமா நிறுத்து” என்றார். “பேட்டரிதானே சித்தப்பா, ஊருக்குப் போயிட்டுப் பாத்துக்கலாம்” என்று ஓட்டினேன். ஐந்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பெல்ட் அறுந்திருந்தது. இந்த மாதிரி இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் பெரும்பாலும் தண்ணீர் பம்ப்பையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் சார்ஜ் ஏறுவது நிற்கும், தண்ணீர் ஓடுவதும் நிற்கும். அலுமினிய ஹெட் வளைந்து, பட்டறையில் கழற்றி, மட்டம் பிடித்து, கேஸ்கட் மாற்றி வர இரண்டு வாரம் ஆனது. ஓடும் வண்டியில் பேட்டரி விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் இருந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டலாம். இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

ஆயில் விளக்குக்கு அந்தச் சலுகைகூட இல்லை. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி அந்த நொடியே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் வேண்டாம்

டெல்டாவில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு போர் இருக்கிறது, ஒரு குடம் பிடித்து ஊற்றிவிடுகிறோம். நாகப்பட்டினம், வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கமெல்லாம் நிலத்தடி நீரில் உப்பு. உள்ளே தள்ளி வந்தாலும் பல ஊர்களில் தண்ணீர் கடினமானதுதான். அரிசி வேகவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். குழாய் அடைத்தால் சூடு ஏறும். உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் வாங்கினால் இன்னும் எளிது. வழியில் வேறு கதி இல்லாமல் வாய்க்கால் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் தப்பில்லை, வண்டியைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. ஆனால் அந்த வாரமே முழுக்க இறக்கிக் கழுவி, கூலன்ட் நிரப்பிவிடுங்கள்.

வண்டி சூடாவதற்குக் காரணம் எது என்பதை நீடாமங்கலம் ரயில்வே கேட்டே சொல்லிவிடும். கேட் போட்டு நிற்கும்போது முள் ஏறி, கேட் திறந்து ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று பொருள். ஓடும்போது காற்று தானாக அடித்து ஆற்றுகிறது; நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் துணை. ஃப்யூஸ், ரிலே, சென்சார், மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் ஒரு சின்ன ஃப்யூஸோடு வேலை முடிந்துவிடும். மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து 70, 80 வேகத்தில் ஓடும்போது முள் ஏறினால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் அடைப்பான்) ஆகிய மூன்றில் ஒன்று. சூட்டைத் தாங்க முடியவில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும்.

சில மாடல்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். அந்த வண்டிக்காரர்கள் கேட்டில் நிற்கும்போது ஃபேன் சுற்றும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுப் பழக வேண்டும். முள் ஏறிவிட்டால் உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஜன்னலை இறக்கி, ஓரம் கட்டும் வரை தாக்குப்பிடியுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான்.

அறுவடைக் காலமும் எலியும்

தை, மாசியில் அறுவடை இயந்திரம் ஓடும் வயல்களின் ஓரமாகப் போனால் தூசியும் பதரும் முகத்தில் அடிக்கும். உங்கள் இன்ஜினும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. ஏர் ஃபில்டரை மேனுவலில் சொன்ன கிலோமீட்டர் வரை விட்டுவைக்காமல், அறுவடை முடிந்ததும் ஒரு முறை திறந்து தட்டுங்கள். கறுத்துவிட்டால் மாற்றுங்கள். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் காற்றடிக்க வேண்டும். கிழிந்த ஃபில்டரோடு ஓட்டினால் மணல் நேராக சிலிண்டருக்குள் போய்த் தேய்க்கும். ரேடியேட்டரின் முன்பக்கச் சல்லடையிலும் பதர் அடைந்திருக்கும், மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.

அப்புறம் பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியையும் பயற்றுச் செடியையும் சாலையில் பரப்பி வைப்பார்கள். உழவருக்கு அது வருடத்தின் கடைசி வருமானம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காய்ந்த செடியின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடு பல நூறு டிகிரி. காய்ந்த சருகு அதில் பட்டால் பற்றிக்கொள்ளும். கடந்த பிறகு ஒரு இடத்தில் இறங்கி, அடியில் எதுவும் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலி வீட்டைத் தேடி வரும். வெதுவெதுப்பான இன்ஜின் அதற்கு நல்ல வளை. ஒயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் வைக்கோல் சேர்த்துக் கூடு கட்டும், பெட்ரோல் ஹோஸையும் விடாது. நேற்று ஓடிய வண்டி இன்று மிஸ் அடிக்கிறது (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் உதறுகிறது), இன்ஜின் விளக்கு எரிகிறது என்றால் எங்கள் ஊர் மெக்கானிக்குகள் முதலில் தேடுவது எலிப் புழுக்கையைத்தான். வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்துருண்டையும் புகையிலையும் துணியில் கட்டிப் போடுவார்கள், சில நாள் பலன் உண்டு. நான் அதிகம் நம்புவது வயலில் வைக்கும் கிட்டியை. மூங்கிலை வளைத்துச் செய்யும் அந்தப் பொறி, ‘தஞ்சாவூர் கிட்டி’ என்றே பெயர் வாங்கியது. ஷெட்டின் மூலையில் இரண்டு வைத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மிஸ் அடித்தால், புகை வந்தால்

மூன்று சிலிண்டரில் ஒன்று எரியாவிட்டால் வண்டி முழுக்க உதறும், ஸ்டியரிங் வரை தெரியும். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். மண் பானையின் இளம்பழுப்பு என்றால் நலம். கரி போலக் காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஈரமான கறுப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் சூடு அதிகம். மூன்று பிளக்கையும் கழற்றிய வரிசையிலேயே வைத்துப் பாருங்கள், எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று அதுவே காட்டிவிடும். சந்தேகப்பட்ட பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக், போகாவிட்டால் ஒயர், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் அல்லது இன்ஜெக்டர்.

புகை பார்ப்பது எளிது. மார்கழிக் காலையில் வரும் வெள்ளை ஆவி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், அது பனி. நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் கேஸ்கட். நீலப் புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வு சீல், ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். சீல் மாற்றுவது சின்னச் செலவு, ரிங் பெரிய செலவு. மெக்கானிக்கிடம் போகுமுன் இதை நீங்களே கவனித்துச் சொன்னால், தேவையில்லாமல் இன்ஜினை இறக்க வேண்டியிருக்காது.

ஆயில் மாற்றுவதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. பழைய 800-க்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, புதிய கே10-க்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். கே10-க்கு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில். வயதான எஃப்8-க்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டரை லிட்டர் ஊற்றிக் குச்சியைப் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் நல்ல முறை.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது, மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸும் ரப்பர் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். எனவே மழைக்காலத்தில் டேங்க்கை அரையளவுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன்

வேதாரண்யம், நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, வாசலின் தடவுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது அரித்துப் போனால் செல்ஃப் எடுக்காது, பேட்டரி மேல் பழி விழும். ஓடாத வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் அது நல்ல பேட்டரி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருந்தால் ஆல்டர்னேட்டரும் நலம். இன்ஜினுக்குள் பிரஷர் வைத்துத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

மழைநாளில் வாய்க்கால் உடைத்துச் சாலையில் ஓடும்போது, எதிரே வரும் வண்டி எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்த பிறகே இறங்குங்கள். சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். இறங்கினால் முதல் கியரில், மெதுவாக, ஒரே சீராக, கிளட்ச் மிதிக்காமல் போக வேண்டும். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அதை அமுக்க முடியாது; பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகுதான் சாவி. 2018 நவம்பரில் கஜா புயல் போனது போல ஒரு காற்று வந்தால், முதல் நாளே வண்டியை மேட்டில், தென்னை விழாத இடத்தில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு லிட்டர் ஆயில், இரண்டு லிட்டர் கூலன்ட், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் வெளிப் பெல்ட் ஒன்று, அதை மாற்றப் போதுமான ஸ்பானர்கள், நாலைந்து ஃப்யூஸ், ஒரு டார்ச். பெல்ட்டை மாற்றுவது எப்படி என்று வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள்.